ஆங்கிலத்தின் காரணப்பெயர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் என்ன இருக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழில் பொருள், ஒரு நாளைக்கு இத்தனை என்று ஒரு கணக்கு. போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், மேற்படிப்புக்காக ஜிஆர்இ எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் இந்தப் பட்டியல் இருக்கிறது. இந்த வாரம் உருப்போட்டது அடுத்த வாரம் மறந்துபோகிறது. மறந்ததை மறுபடியும் உருப்போடுகிறார்கள். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு; அதற்கு வேண்டிய பயிற்சியும் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் படித்து, தேர்வு முடிந்த கையோடு கைவிட்ட தமிழ் இலக்கணம்தான் அந்தப் பயிற்சி.

பெயர்ச்சொல் இடுகுறி, காரணம் என்று இரு வகைப்படும் என்று பள்ளியில் படித்தோம். மண்ணுக்கு ஏன் மண் என்று பெயர்? தெரியாது, இட்ட குறி அவ்வளவுதான். நாற்காலிக்கு ஏன் நாற்காலி என்று பெயர்? நான்கு கால்கள் இருப்பதால். ஆங்கிலத்தையும் இந்தக் கண்ணால் பாருங்கள். வாட்டர், ஸ்டோன், டாக், ஈட் எல்லாம் நமக்கு இடுகுறிதான். பிரிக்க ஒன்றுமில்லை, மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெட்ரோலியம்? 'பெட்ரா' என்றால் பாறை, 'ஓலியம்' என்றால் எண்ணெய். பாறை எண்ணெய். நாற்காலி எவ்வளவு காரணப்பெயரோ அவ்வளவு காரணப்பெயர் இதுவும்.

நம்மைப் பயமுறுத்துகிற நீளமான ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. என்னைக் கேட்டால் ஆங்கிலத்தில் உண்மையிலேயே கடினமானவை குட்டிச் சொற்கள்தான். கெட், புட், செட் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பின்னால் அப், ஆஃப், அவுட், ஓவர் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டதும் பொருள் எங்கோ ஓடிவிடுகிறது. எந்த வேரும் அங்கே உதவிக்கு வராது. நீளமான சொல் அப்படி ஏமாற்றுவது குறைவு. தன் பிறப்பை முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பிறப்பால் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி கென்ட் பகுதியில் வந்திறங்கினார். தேவாலயத்தோடு லத்தீன் சொற்களும் வந்தன. 1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தார்கள். நீதிமன்றமும் அரசவையும் பெரியவீட்டுச் சமையலறையும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. பிரெஞ்சு, லத்தீனின் மகள். அதன்பிறகு 16ஆம் நூற்றாண்டில், அச்சு இயந்திரம் வந்து பழைய நூல்கள் கைக்கெட்டியபோது, படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகவே சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மையைத் தொட்டு எழுதுகிறவனைத் தவிர வேறு யாருக்கும் விளங்காத இந்தச் சொற்களை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று கேலி செய்தார்கள். எதிர்த்தவர்களில் சுவையான மனிதர் சர் ஜான் சீக். 1540இல் கேம்பிரிட்ஜில் மன்னர் நிறுவிய கிரேக்கப் பேராசிரியர் பதவியில் முதலில் அமர்ந்தவர். கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்த அவர்தான், ஆங்கிலத்தைக் கலப்பில்லாமல் எழுத வேண்டும் என்று வாதாடினார். மத்தேயு நற்செய்தியை அப்படியே மொழிபெயர்த்தும் காட்டினார். நூறு வீரர்களின் தலைவனான 'செஞ்சூரியன்' அவர் கையில் 'ஹண்ட்ரடர்' ஆனான். உயிர்த்தெழுதலைக் குறிக்கும் 'ரெசரெக்‌ஷன்' என்பதை 'கெயின்ரைசிங்' என்று எழுதினார். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு சீக்கின் மனம் நன்றாகவே புரியும். ஒரே வேறுபாடு, தனித்தமிழ் இயக்கம் நம் எழுத்து நடையைப் பெரிய அளவில் மாற்றியது. சீக் தோற்றுப்போனார். ஹண்ட்ரடர் இன்று யாருக்கும் தெரியாது. செஞ்சுரி கிரிக்கெட் பார்க்கிற குழந்தைக்கும் தெரியும்.

ஆங்கிலத்தின் முதல் அகராதி என்று சொல்லப்படும் ராபர்ட் காட்ரியின் நூல் 1604இல் வந்தது. அதில் நாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஏறத்தாழ 2,500 'கடினச் சொற்கள்' மட்டுமே இருந்தன. அதாவது ஆங்கிலேயர்களுக்கே தங்கள் மொழியைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்பட்டது, இந்த விருந்தாளிச் சொற்களால்தான். பிற்காலத்தில் ஃபின்கென்ஸ்டேட், வொல்ஃப் என்ற இருவர் ஓர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலிருந்த சுமார் 80,000 சொற்களின் பிறப்பைக் கணக்கெடுத்து 1973இல் வெளியிட்டார்கள். லத்தீன் வழி வந்தவை ஏறக்குறைய 28 விழுக்காடு, பிரெஞ்சு வழி இன்னொரு 28, ஜெர்மானியச் சொற்கள் 25, கிரேக்கம் 5 சொச்சம். ஆனால் அன்றாடப் பேச்சில் அடிக்கடி புழங்கும் நூறு சொற்களை எடுத்தால் ஏறத்தாழ எல்லாமே பழைய ஆங்கிலச் சொற்கள்தான். பேசுவது ஒரு மொழி, படிப்பது இன்னொரு மொழி என்று ஆகிவிட்டது. தொலைக்காட்சி பார்த்து ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒரு தலையங்கத்தைப் படிக்கத் திணறுவது இதனால்தான்.

சரி, பிரித்துப் பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் கண்டக்டர். நம் அரசுப் பேருந்துகளில் 'நடத்துநர்' என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் பகுபத உறுப்பிலக்கணப்படி எப்படிப் பிரிப்போம்? நடத்து பகுதி, ந் பெயர் இடைநிலை, அர் பலர்பால் விகுதி. இப்போது கண்டக்டரைப் பிரியுங்கள். 'கான்' என்றால் கூட, 'டக்' அல்லது 'டூக்' என்றால் இட்டுச்செல்லுதல், கடைசியில் வரும் 'ஆர்' செய்கிறவரைக் குறிக்கும் விகுதி. கூட்டிச்செல்பவர். இந்த 'டூக்' என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். 'இன்ட்ரடியூஸ்' என்றால் உள்ளே கூட்டிக்கொண்டு வருவது. 'ரெடியூஸ்' பின்னுக்கு இழுப்பது, 'புரொடியூஸ்' முன்னுக்குக் கொண்டுவருவது, 'அப்டக்ட்' அப்பால் கொண்டுபோவது, அதாவது கடத்தல். சம்பளச் சீட்டில் வருமானவரி என்று பிடித்துக்கொள்கிறார்களே 'டிடக்‌ஷன்', அது கீழே இறக்கிக்கொள்வது. ரோமானியர்கள் நீரைக் கொண்டுவரக் கட்டிய 'அக்வடக்ட்' நீரை இட்டுச்செல்லும் வழி. இத்தனைக்கும் நீங்கள் புதிதாகக் கற்றது ஒரே ஒரு பகுதிதான்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் பகுதி அல்ல, அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பது. தமிழ் பின்னால் ஒட்டும் மொழி. வேற்றுமை உருபு, கால இடைநிலை, விகுதி எல்லாம் பின்னால்தான் வரும். சொல்லின் தலையில் ஒன்றை வைத்துப் பொருளைத் திருப்புவது நம் இயல்பில் இல்லை. ஆகவே முதலில் கற்க வேண்டியது முன்னொட்டுகளைத்தான். அப், அட், கான், டி, எக்ஸ், இன், இன்டர், சப், டிரான்ஸ் போன்ற லத்தீன் முன்னொட்டுகளும், ஆன்டி, டயா, எபி, ஹைப்பர், ஹைப்போ, பெரி, சின் போன்ற கிரேக்க முன்னொட்டுகளுமாக மொத்தம் முப்பதுக்குள் முடிந்துவிடும். பகுதிகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை படிக்கப் படிக்கத் தாமாக வரும்.

இந்த முன்னொட்டுகள் அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து உருமாறும். அங்கேதான் எழுத்துக்கூட்டலில் பிழை நேர்கிறது. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் மரம்கள் என்று சொல்வதில்லை. மகரம் இன எழுத்தாகத் திரிந்து மரங்கள் ஆகிறது. அதே நியாயம்தான் லத்தீனிலும். 'இன்' என்ற எதிர்மறை 'பாசிபிள்' முன்னால் 'இம்' ஆகும். 'லீகல்' முன்னால் 'இல்' ஆகும். 'ரெகுலர்' முன்னால் 'இர்' ஆகும். புணர்ச்சி விதி. இது புரிந்துவிட்டால், ஆங்கிலம் எழுதுகிற பாதிப்பேர் தப்பாக எழுதும் 'அக்காமடேட்' என்ற சொல்லில் உங்களுக்குத் தப்பே வராது. அதில் இரண்டு சி, இரண்டு எம். ஏன்? 'அட்' என்ற முன்னொட்டு சி எழுத்தின் முன்னால் தானும் சி ஆயிற்று; ஆகவே சி இரண்டு. அடுத்தது 'காம்', அதன் கடைசி எம், அளவைக் குறிக்கும் 'மோடஸ்' என்ற பகுதியின் முதல் எம்மோடு சேர்ந்தது, ஆகவே எம் இரண்டு. தன்னை ஓர் அளவுக்குப் பொருத்திக்கொள்வது, இடம் கொடுப்பது. எழுத்துக்கூட்டலும் பொருளும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் 1925 முதல் நடக்கும் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கோப்பையைத் தட்டிக்கொண்டு வருகிறார்கள். 2019இல் சொல்லகராதியே களைத்துப்போய் எட்டுப் பேரை வெற்றியாளர்களாக அறிவிக்க வேண்டிவந்தது. மேடையில் அந்தப் பிள்ளைகள் நடுவரிடம் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பது அவற்றில் தவறாமல் இருக்கும். கிரேக்கம் என்று பதில் வந்தால் எஃப் ஒலிக்கு பி-எச் போட வேண்டும், க ஒலிக்கு சி-எச் வரக்கூடும், நடுவில் ஒய் வரலாம் என்று அவர்களுக்குத் தெரியும். சைக்காலஜியின் தலையில் ஏன் சத்தம் போடாத ஒரு பி உட்கார்ந்திருக்கிறது என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், கிரேக்கத்தில் அது வாய்விட்டு உச்சரிக்கப்பட்ட எழுத்து என்று சொல்லுங்கள்.

கிரேக்கமும் லத்தீனும் நம் வாழ்க்கையில் மிக நெருக்கமாக வந்து உட்காரும் இடம் மருத்துவமனை. சிறுநீரகப் பிரிவின் பலகையில் 'நெஃப்ராலஜி' என்று எழுதியிருக்கும். கையில் கொடுக்கும் பரிசோதனைத் தாளில் 'ரீனல்' என்று இருக்கும். இரண்டும் சிறுநீரகம்தான். முன்னது கிரேக்கம், பின்னது லத்தீன். பல் டாக்டர் 'டென்டிஸ்ட்', பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர் 'ஆர்த்தோடான்டிஸ்ட்'. அங்கேயும் அதே இரட்டை. பொதுவாக உறுப்பின் பெயர் லத்தீனில் இருக்கும், நோயும் துறையும் கிரேக்கத்தில் இருக்கும் என்று கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

இதில் ஒரு சொல் இணையை மட்டும் எல்லோரும் பிரிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கட்டாயம். 'ஹைப்பர்கிளைசீமியா', 'ஹைப்போகிளைசீமியா'. கடைசியில் வரும் 'ஈமியா' கிரேக்கத்தில் குருதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அனீமியாவில் இருப்பதும் அதுதான். நடுவில் இருக்கும் 'கிளைக்' இனிப்பு. குளுக்கோஸும் அந்தக் குடும்பம். 'ஹைப்பர்' மேலே, 'ஹைப்போ' கீழே. ஒன்றில் குருதியில் சர்க்கரை கூடிவிட்டது, மற்றதில் குறைந்துவிட்டது. குறைந்துபோய் வியர்த்து நடுங்குகிறவருக்கு நினைவு இருக்கும்போதே உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். அவருக்குப் போய் இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. காதில் விழும்போது இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். வேறுபாடு அந்த இரண்டாம் அசையில்தான் இருக்கிறது.

அறிவியல் சொற்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியவை. மைக்கேல் ஃபாரடே கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்றவர். கிரேக்கம், லத்தீன் எதுவும் பள்ளியில் படித்தவர் அல்ல. மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது மின்சாரம் புகும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் பெயர் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞருக்கு 1834இல் கடிதம் எழுதிக் கேட்டார். 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இந்த ஹ்யூவெல்தான். அவர் தந்த சொற்கள் ஆனோடு, கேத்தோடு. 'ஆனா' மேலே, 'கட்டா' கீழே, 'ஹோடாஸ்' வழி. மேல்வழி, கீழ்வழி. எதை வைத்து மேல், கீழ்? ஃபாரடே மின்னோட்டம் சூரியன் செல்லும் திசையில், கிழக்கிலிருந்து மேற்காகப் போவதாகக் கற்பனை செய்துகொண்டார். சூரியன் ஏறிவரும் பக்கம் ஆனோடு, இறங்கும் பக்கம் கேத்தோடு. நமக்கோ நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கிழக்கு கீழ், மேற்கு மேல். ஒரு தமிழர் பெயர் வைத்திருந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

அந்த 'ஹோடாஸ்' என்ற வழி இன்னும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? 'மெத்தட்' என்பதில் இருக்கிறது. ஒன்றைத் தொடர்ந்து செல்லும் வழி. பள்ளியில் மணி அடித்தால் முடிகிற 'பீரியட்' சுற்றி வரும் வழி. 'எக்ஸோடஸ்' வெளியேறும் வழி. நெடுந்தொடரின் 'எபிசோடு' இடையில் நுழையும் வழி.

அரசியல் சொற்களுக்கு வாருங்கள். நமக்கு மிகவும் பிடித்த துறை. ரோமில் தேர்தலுக்கு நின்றவர்கள் சுண்ணக்கட்டி பூசி வெளுத்த மேலாடையை அணிந்துகொண்டு மக்கள் முன் வந்தார்கள். பளிச்சென்ற வெண்மைக்கு லத்தீனில் 'கேண்டிடஸ்'. 'கேண்டிடேட்' என்றால் வெள்ளை உடுத்தியவர். (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், நான் ரோமைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த வெள்ளை உடைக்காரர் வீதி வீதியாகச் சுற்றிவந்து கைகுலுக்கி ஓட்டுக் கேட்பார். சுற்றி வருவதற்குப் பெயர் 'ஆம்பிட்டியோ'. 'ஆம்பிஷன்', நாம் குழந்தைகளிடம் பெருமையோடு கேட்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பு ஓட்டுக்கு அலைவதில் இருக்கிறது. அதன் தம்பி 'ஆம்பிட்டஸ்'. அது ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் குற்றத்தின் பெயர். கிமு 63இல் சிசரோ அந்தக் குற்றத்துக்குப் பத்து ஆண்டு நாடு கடத்தும் தண்டனையைச் சட்டமாக்கினார். இந்தக் கதை தெரிந்தவருக்கு கேண்டிடேட், ஆம்பிஷன், அதே வெண்மையிலிருந்து வந்து ஒளிவுமறைவின்மையைக் குறிக்கும் 'கேண்டிட்' மூன்றும் மறக்காது. உருப்போட்டதை மறப்போம். கேட்ட கதையை மறப்பதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேர், சொல்லின் வரலாற்றைச் சொல்லும். உண்மையைச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. 'ஆக்சிஜன்' என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலங்களிலும் இந்த வாயு இருக்கிறது என்று 1770களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நினைத்தார். அப்படிப் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது ஹம்ஃப்ரி டேவியின் ஆய்வுகளால் 1810இல் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் உயிர்வளி என்று வைத்தவர்கள் லவாய்சியேவை விடச் சரியாக வைத்தார்கள் என்பேன். டேவி தன் பங்குக்கு, வெளிர்பச்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் குளோரினுக்குப் பெயரிட்டார். இலையின் பச்சையான குளோரோஃபில்லிலும் அந்த 'குளோரோ' இருக்கிறது. ஆனால் அதில் குளோரின் துளியும் இல்லை. நிறம் மட்டும்தான் பொது. 'மலேரியா' கெட்ட காற்று என்று பொருள்படும் இத்தாலியச் சொல். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்த பிறகும் பெயர் மாறவில்லை.

ஒன்றுபோலத் தோன்றும் வேர்களும் காலை வாரிவிடும். 'பெடஸ்ட்ரியன்' நடந்து செல்பவர். அதில் இருப்பது லத்தீன் பாதம். 'பீடியாட்ரீஷியன்' குழந்தை மருத்துவர். அதில் இருப்பது கிரேக்கக் குழந்தை. 'ஹோமிசைடு' கொலை, அங்கே ஹோமோ மனிதன். 'ஹோமோஜீனியஸ்' ஒரே இயல்புடையது. அங்கே ஹோமோ ஒரே. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 'இன்' வந்தால் எதிர்மறை ஆயிற்றே, தீப்பிடிக்காது போலிருக்கிறது என்று பீடி பற்றவைத்துவிடாதீர்கள். அந்த 'இன்' எதிர்மறை அல்ல, உள்ளே என்ற பொருளுடையது. பற்றிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். ஆகவே வேரை வைத்து ஊகியுங்கள், அகராதியை வைத்து உறுதிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தமிழருக்கு இதில் ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்றார். 1816இல் சென்னையில் பணிபுரிந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தில் சேராதவை, தமக்குள் ஓர் இனம் என்று காட்டினார். இரண்டும் உண்மை. தமிழ் அந்தக் குடும்பமல்ல. ஆனால் தொல்காப்பியர் காலம் தொட்டு வடசொல் நம்மிடம் புழங்குகிறது, அந்த வடசொற்கள் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உடன்பிறந்தவை. தந்தம் என்ற சொல்லும் டென்டிஸ்ட்டின் 'டென்ட்'டும் உறவு. பாதமும் பெடலும் உறவு. நாசியும் 'நேசல்' என்பதும், தானமும் டொனேஷனும், ஞானமும் 'டயக்னோசிஸ்' என்பதன் நடுப்பகுதியும் அப்படியே. வண்டிச் சாவி போடுகிற இடத்தில் 'இக்னிஷன்' என்று இருக்கிறதே, அது அக்னியின் சகோதரி.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அநாமதேயம். பெயர் போடாத கடிதத்தை அநாமதேயக் கடிதம் என்கிறோம். 'அ' இன்மை, 'நாமதேயம்' பெயர். ஆங்கிலத்தில் 'அனானிமஸ்'. 'அன்' இன்மை, 'ஓனிமா' பெயர். ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கவில்லை. ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊரில் வளர்ந்த சொற்கள். மெய்யெழுத்துக்கு முன் 'அ', உயிரெழுத்துக்கு முன் 'அன்' என்ற விதிகூட இரு மொழிகளிலும் ஒன்றுதான். அநீதி, அனாசாரம் என்பது போலவே ஏதீஸ்ட், அனீமியா.

இதைச் சொன்னதும் சிலருக்கு உற்சாகம் பிறந்து, ஆங்கிலச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவை என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வருகிறது, எனக்கும் அனுப்புகிறார்கள். ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது. தமிழிலிருந்து உண்மையாகவே போனவை இருக்கின்றன: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். இஞ்சியின் பெயர் திராவிடத்திலிருந்து கிளம்பி, பிராகிருதம் வழியாகக் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய் ஜிஞ்சர் ஆனது. பெருமைக்கு இவை போதும், போலிப் பட்டியல் வேண்டாம்.

எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈசி' 1949இல் வந்த நூல். இன்றும் நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் விற்கிறது. வேர்ச்சொல் வழியில் கற்பிக்கும் நல்ல நூல், வாங்கலாம். ஆனால் வேர்களின் பட்டியலை மட்டும் தனியாக எடுத்து உருப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பழைய பட்டியலுக்குப் பதில் புதிய பட்டியல், பயன் ஒன்றுதான். ஜிஆர்இ தேர்விலேயே 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்களை எடுத்துவிட்டார்கள். இப்போது கேட்பதெல்லாம் வாக்கியத்துக்குள் சொல் எப்படி நிற்கிறது என்பதைத்தான். எனவே முதலில் வாசிப்பு. வாசிக்கும்போது ஒரு சொல் இடறினால் நிறுத்துங்கள். முன்னொட்டைக் கழற்றுங்கள், விகுதியைக் கழற்றுங்கள், நடுவில் நிற்கும் பகுதி உங்களுக்குத் தெரிந்த வேறு எந்தச் சொல்லில் வருகிறது என்று யோசியுங்கள். பிறகு அகராதி. நோட்டில் எழுதுவதானால், பொருளோடு நிறுத்தாமல் அந்தச் சொல்லின் உறவினர்கள் இருவரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கற்ற சொற்களையெல்லாம் எழுத்தில் கொட்டிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1906இல் மொழிநடை நூல் எழுதிய ஃபௌலர் சகோதரர்களும் 1946இல் ஜார்ஜ் ஆர்வெல்லும் இதற்காகவே ஆங்கிலேயர்களைக் கடிந்துகொண்டார்கள். எளிய சொல் இருக்கும்போது லத்தீன் சொல்லைத் தேடிப் போகாதே என்பதுதான் சாரம். நம் அலுவலகக் கடிதங்களில் 'பிகின்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கமென்ஸ்' என்று எழுதினால்தான் படித்தவன் என்று நினைக்கிறார்கள். வேர்ச்சொல் அறிவு படிப்பதற்கு, பிறர் எழுதியதைப் புரிந்துகொள்வதற்கு. எழுதும்போது குட்டிச் சொல்லே நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கைப்பேசி அகராதி பொருளை மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்ட் போன்ற அகராதிகளில் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அந்த வரியைப் படியுங்கள். அகராதிகள் இந்தக் கட்டடத்திலேயே, ரெஃபரன்ஸ் பிரிவில் இருக்கின்றன. வீட்டுக்கு எடுத்துப் போகத் தரமாட்டார்கள், ஆனால் உட்கார்ந்து படிக்க யாரும் தடை சொல்வதில்லை. நாளைக்கே வாருங்கள், அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள்.